யாருடைய வாயசைவு, யாருடைய குரல்?

வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இதே பகுதியில் ஜூலி டாஷ் என்ற அமெரிக்கக் கறுப்பின இயக்குநரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு ஒரு கட்டுக் கேள்விகள் வந்துவிட்டன. அதனால் இந்த மாதம் முழுக்க ஒரே விஷயம்: ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள், தாங்களாகக் கிளம்பிப் போனவர்கள், அவர்கள் வழிவந்த பெண்கள் எடுத்த சினிமா. நான் இருபது வருடமாகப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறவள். ஒரே வசனத்தை ஹெட்ஃபோனில் முப்பது தடவை, நாற்பது தடவை கேட்பதுதான் என் வேலை. ஆகவே என் பதில்கள் கண்ணைவிடக் காதுப் பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

கேள்வி: ‘ஆப்பிரிக்கப் புலம்பெயர் சினிமா’ என்றால் அது எந்த நாட்டுப் படம்? அதிலும் பெண்கள் எடுத்ததை மட்டும் தனியாகக் கொண்டாடுவது ஏன்? (ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்)

ஒரு நாட்டுக்குள் அடங்காததுதான் அதன் இலக்கணமே. அட்லாண்டிக்கைத் தாண்டி அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததி அமெரிக்காவிலும் கியூபாவிலும் பிரேசிலிலும் கரீபியத் தீவான மார்த்தினிக்கிலும் இருக்கிறது. அப்புறம் வேலைக்கும் படிப்புக்குமாகப் பாரிஸ், லண்டன், நியூயார்க் என்று போன குடும்பங்கள். சாரா மால்டோரோரை எடுத்துக்கொள்ளுங்கள். 1929-இல் பிரான்சில் பிறந்தவர். தந்தை கரீபியத் தீவான குவாதலூப்பைச் சேர்ந்தவர். பாரிஸில் 1956-இல் கறுப்பினக் கலைஞர்களின் நாடகக் குழுவை நண்பர்களோடு தொடங்கினார். சினிமா படித்தது மாஸ்கோவில். பெரிய படம் எடுத்தது அங்கோலாவின் விடுதலைப் போரைப் பற்றி. அதைப் படமாக்கியது பக்கத்திலிருந்த காங்கோ நாட்டில். இவரை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது?

பெண்கள் ஏன் என்ற கேள்விக்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஜூலி டாஷ் 1982-இல் எடுத்த ‘இல்யூஷன்ஸ்’, 34 நிமிடப் படம். கதை நடப்பது 1942-இல், ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றில். ஒரு பாட்டுப் படத்தில் வெள்ளைக்கார நடிகையின் உதட்டசைவும் ஒலியும் ஒட்டவில்லை. அதைச் சரிசெய்ய எஸ்தர் என்ற கறுப்பினப் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். ஒலிப்பதிவு அறையின் இருட்டில் எஸ்தர் நிற்கிறாள். எதிரே திரையில், வெளிச்சத்தில், நடிகை. அந்த உதடு திறக்கும் கணத்தைக் கண்கொட்டாமல் கவனித்து, மூச்சை அளந்து, எஸ்தர் பாடுகிறாள். குரல் இருட்டில் பிறந்து வெளிச்சத்தில் வேறொருத்தியின் வாய்க்குப் போய்ச் சேருகிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மிஞான் என்ற ஸ்டுடியோ அதிகாரி. அவளும் கறுப்பினத்தவள்தான், ஆனால் வெளிர்ந்த நிறம் என்பதால் வெள்ளைக்காரி என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி குரலைக் கொடுத்துவிட்டு முகத்தை இழக்கிறாள். இன்னொருத்தி முகத்தைக் காட்டிக்கொண்டு தன் உண்மையை வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருக்கிறாள். அந்த எஸ்தருக்கு நியாயமான சம்பளம் வாங்கித் தருவது மிஞான்தான்.

இதில் இன்னொரு அடுக்கு உண்டு. எஸ்தராக நடித்தவர் ரோசான் கேட்டன். அவர் வாயிலிருந்து வரும் பாட்டோ, அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் குரல். குரலைக் கடன் கொடுக்கும் பெண்ணின் கதையிலேயே அவளுக்குக் குரல் கடன் கொடுப்பவர் அந்த மாபெரும் பாடகி. முதல் தடவை இது தெரியவந்தபோது படத்தை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பின்னணிக் குரல் என்பது நமக்குப் பழகிய ஏற்பாடு. அதற்குள் இவ்வளவு பெரிய வரலாறு இருக்க முடியும் என்று இந்தப் படம்தான் எனக்குக் காட்டியது. பெண்கள் எடுத்தவற்றைத் தனியே பேச எனக்கு இந்த ஒரு காட்சி போதும்.

கேள்வி: இதுவரை இந்த வகைப் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்? வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி இருந்தால் நல்லது. (வங்கியில் வேலை பார்க்கும் வாசகி)

யூசான் பால்சியின் ‘ரூ காஸ் நேக்ரே’. 1983-இல் வந்தது. ஆங்கிலத்தில் ‘ஷுகர் கேன் ஆலி’ என்று தேடினாலும் கிடைக்கும். 1930-களின் மார்த்தினிக், கரும்புத் தோட்டம், ஹோசே என்ற சிறுவன், அவனை வளர்க்கும் பாட்டி. தோட்டத்து வேலை தன்னோடு முடியட்டும், பேரன் ஒருபோதும் கரும்பை வெட்டக் கூடாது என்பதில் பாட்டி பிடிவாதமாக இருக்கிறாள். அவன் மேலே படிப்பதற்காக நகரத்துக்கே குடிபெயர்கிறாள். பாட்டியாக நடித்த தார்லிங் லெஜித்திமுஸ் அப்போது எழுபதைத் தாண்டியவர். வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது அவருக்குத்தான். படத்துக்கு அதே விழாவின் வெள்ளிச் சிங்க விருது. பிரான்சின் சேசார் விருதும் வந்தது.

ஒரு காட்சியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தனக்குக் கதை சொல்லி வளர்த்த முதியவர் மெதூஸைப் பற்றி ஹோசே பள்ளியில் கட்டுரை எழுதுகிறான். ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, எங்கிருந்தோ திருடியது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறார். கரும்புத் தோட்டத்துப் பையனுக்கு இப்படி எழுத வராது என்பது அவர் எண்ணம். பிறகு தவறை உணர்கிறார் என்றாலும் பையனின் முகத்தில் விழுந்த அந்த அடி எனக்கு மறக்கவில்லை. இந்தக் காட்சிக்குக் கீழே ஒரு தடவை திரும்பி வருவேன்.

பால்சிக்கு 2022-இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னதை நம்பி ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’ பார்த்தேன். முதல் அரைமணி நேரம் ஒன்றும் புரியவில்லை. யார் யாருக்கு என்ன உறவு என்றே தெரியவில்லை. எனக்குத்தான் ரசனை போதவில்லையா? (பொறியாளர் ஒருவர்)

உங்கள் ரசனையில் குறை ஒன்றும் இல்லை. ஒரு பெரிய குடும்பத்தின் விசேஷத்துக்கு முதல் தடவை போனால் எப்படி இருக்கும்? யாரும் எழுந்து நின்று உறவுமுறை சொல்ல மாட்டார்கள். ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். ஜூலி டாஷ் நம்மை அப்படித்தான் உட்கார வைக்கிறார்.

வருடம் 1902. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையை ஒட்டிய தீவுகளில் வாழ்ந்த கல்லா மக்கள். நிலப்பகுதியிலிருந்து ஒதுங்கி இருந்ததால் ஆப்பிரிக்க வாடை மாறாத பேச்சும் சமையலும் வழிபாடும் அவர்களிடம் தங்கிவிட்டன. பீசன்ட் குடும்பம் வடக்கே குடிபெயரப் போகிறது. கிளம்புவதற்கு முந்தைய விருந்துதான் படம். கொள்ளுப்பாட்டி நானா மட்டும் வர மாட்டேன் என்கிறாள். அவளிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் அவளுடைய தாயின் கொத்து முடி. அடிமை வியாபாரத்தில் தாயையும் பிள்ளையையும் தனித்தனியே விற்ற காலத்தில், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எஞ்சியது அவ்வளவுதான்.

நானாவின் கையை நன்றாகப் பாருங்கள், நீலம் ஏறிப் போயிருக்கும். அவுரிச் சாயத் தொட்டியில் வேலை செய்த கை. அடிமைத்தனம் என்றால் சினிமாவில் வழக்கமாகக் காட்டுவது முதுகில் சாட்டைத் தழும்பு. டாஷ் அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு இந்த நீலத்தை வைத்தார். சாயம் இத்தனை வருடம் கையில் நிற்காது என்பது அவருக்கும் தெரியும். கொடுமையைக் காட்ட அவரே தேடிக் கண்டுபிடித்த அடையாளம் அது.

இப்போது காதுக்கு வருகிறேன். இந்தக் கதையை நமக்குச் சொல்பவர்கள் இரண்டு பேர். ஒன்று நானா. இன்னொன்று இன்னும் பிறக்காத பெண் குழந்தை. தாயின் வயிற்றில் இருந்தபடியே அவள் பேசுகிறாள், கடற்கரையில் ஓடுகிறாள். போனவர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், வரப்போகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். இது பிடிபட்டால் உறவுமுறை தானாக விளங்கும். இன்னொரு தடவை பாருங்கள்.

ஏறக்குறைய 8 லட்சம் டாலரில் எடுத்த படம். பெரிய ஸ்டுடியோக்கள் கையை விரித்துவிட்டன. 1991-இல் சன்டான்ஸ் விழாவில் ஒளிப்பதிவுக்கு விருது. அடுத்த வருடம் திரையரங்குகளுக்கு வந்தபோது, அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவர் இயக்கி அந்த நாட்டில் பரவலாக வெளியான முதல் முழுநீளப் படம் என்று எழுதினார்கள். சரி, அப்படி வரலாறு படைத்தவருக்கு அடுத்த படம் வரிசையில் நின்றிருக்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. டாஷ் தொலைக்காட்சிக்குத்தான் போக வேண்டியிருந்தது. ‘முதல் பெண்’ என்ற பட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் இரண்டாவது படத்தின் தேதியைத் தேடுவேன். பட்டம் சொல்லாததை அந்தத் தேதி சொல்லும்.

கேள்வி: இவ்வளவு நல்ல படங்கள் என்றால் நாங்கள் ஏன் இத்தனை நாள் கேள்விப்படவில்லை? (நூலகர்)

அவற்றை எடுத்தவர்களின் சொந்த நாட்டிலேயே பலர் கேள்விப்படவில்லை. கேத்லீன் காலின்ஸ் நியூயார்க்கில் சினிமா கற்பித்த பேராசிரியர். 1982-இல் ‘லூசிங் கிரவுண்ட்’ எடுத்தார். தத்துவம் கற்பிக்கும் ஒரு கறுப்பினப் பெண், ஓவியரான கணவன், ஒரு கோடைக்காலம். வறுமையோ துப்பாக்கியோ இல்லாத கறுப்பின வாழ்க்கை. அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் படம் முறையாகத் திரையரங்குக்கு வரவே இல்லை. 1988-இல் மார்பகப் புற்றுநோயில் இறந்தார், வயது 46. பிலிம் லேபில் கிடந்த நெகட்டிவை மகள் நீனா மீட்டுப் புதுப்பித்தார். திரைக்கு வந்தது 2015-இல். முப்பத்து மூன்று வருடம். நான் பார்த்தபோது கதாநாயகி வகுப்பெடுக்கும் காட்சியில் அவள் பேச்சின் வேகத்தை ரசித்தேன். யோசிக்கும் பெண்ணின் பேச்சைச் சினிமாவில் இவ்வளவு நேரம் தடையில்லாமல் கேட்பது அபூர்வம்.

கியூபாவின் சாரா கோமெஸுக்கு நேர்ந்தது வேறு. ஹவானாவின் சேரிமக்கள் தங்கள் கையாலேயே கட்டிய புதுக் குடியிருப்பு, அங்கே ஓர் ஆசிரியை, அவளை நேசிக்கும் தொழிலாளி. இதைக் கதையும் ஆவணமுமாகக் கலந்து ‘தெ சியெர்த்தா மனேரா’ என்ற படமாக எடுத்துக்கொண்டிருந்தார். 1974-இல் ஆஸ்துமாவில் இறந்துவிட்டார். 31 வயது. நண்பர்கள் முடித்துக் கொடுக்க, 1977-இல் வெளிவந்தது. அந்த நாட்டில் ஒரு பெண் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. புரட்சிக்குப் பிறகும் வீட்டுக்குள் மாறாத ஆண்களைப் பற்றி, புரட்சியை நம்பிய ஒரு பெண் எடுத்த படம்.

ஜெஸ்ஸி மேப்பிளையும் சொல்ல வேண்டும். 1970-களில் நியூயார்க்கின் ஒளிப்பதிவாளர் சங்கத்தில் கறுப்பினப் பெண்ணாக நுழைந்து, வேலை கொடுக்க மறுத்தவர்கள் மேல் வழக்குப் போட்டுக் கேமராவைத் தோளில் ஏற்றியவர். தன் படத்தைத் திரையிட இடம் இல்லை என்றதும், 1982-இல் கணவரோடு சேர்ந்து ஹார்லெமில் தங்கள் வீட்டின் அடித்தளத்திலேயே ஒரு திரையரங்கைத் திறந்துவிட்டார். தன் படத்தோடு நிற்காமல் மற்ற கறுப்பின இயக்குநர்களின் படங்களையும் அங்கே போட்டார்.

எனக்கு இதில் கோபம் வருவதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. நான் மூன்று மாதம் உட்கார்ந்து சப்டைட்டில் எழுதிய ஒரு படத்தைப் பெயர் போடாமலே திரையிட்டார்கள். கூட்டத்தில் உட்கார்ந்து, என் வாக்கியங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சின்ன விஷயம்தான். ஆனால் எஸ்தர் நின்ற இருட்டு எப்படி இருக்கும் என்று அன்றைக்குக் கொஞ்சம் தெரிந்தது.

கேள்வி: ‘சம்பிசாங்கா’வில் கதாநாயகி அதிகம் பேசுவதே இல்லையே. இதை எப்படிப் பெண் குரல் என்பீர்கள்? (கல்லூரி மாணவர்)

நல்ல கேள்வி. மேலே சொன்ன சாரா மால்டோரோர் 1972-இல் எடுத்த படம் அது. போர்ச்சுகீசிய ஆட்சியில் இருந்த அங்கோலா, 1961. டொமிங்கோஸ் என்ற தொழிலாளியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. மனைவி மரியா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தேடிக் கிளம்புகிறாள். ஓர் அலுவலகத்தில் இல்லை என்கிறார்கள், அடுத்ததற்குப் போகச் சொல்கிறார்கள். நடக்கிறாள். படத்தின் பெரும்பகுதி அந்த நடைதான்.

ஆண் எடுத்திருந்தால் கேமரா சிறைக்குள்ளேயே நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். மால்டோரோர் பாதி நேரம் மண்பாதையில் இருக்கிறார். அவருடைய வாழ்க்கைத் துணையான மாரியோ த ஆந்திராத், அங்கோலா விடுதலை இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். காத்திருப்பவளின் போர் என்ன என்பது இவருக்குத் தெரியும். செய்தி கேட்டு மரியா அழும்போது மற்றப் பெண்கள் வந்து அவளைத் தாங்கிக்கொள்கிறார்கள், குழந்தையை ஒருத்தி வாங்கிக்கொள்கிறாள். அந்த இடத்தில் சப்டைட்டிலுக்கு வேலையே இல்லை. கேட்டால் போதும்.

கேள்வி: பெண்களைப் பற்றி ஆண்கள் நல்ல படம் எடுத்ததில்லையா? (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

எடுத்திருக்கிறார்கள். செனகலின் உஸ்மான் செம்பேன் 1966-இல் எடுத்த ‘லா நுவார் த...’ படத்தில், பிரான்சில் வீட்டுவேலை செய்யும் தியுவானாவின் மனக்குரல்தான் கதையையே நடத்துகிறது. கட்டாயம் பாருங்கள். ஒன்றைக் கொண்டாடினால் இன்னொன்று குறைந்துவிடாது.

கேள்வி: ‘சாந்த் ஓமேர்’ படத்தில் கேமரா அசையவே மாட்டேன் என்கிறது. ஒரு பெண் நின்று பேசிக்கொண்டே இருக்கிறாள். இதற்கு வெனிஸில் பரிசா? (வழக்கறிஞர்)

நீங்கள் வழக்கறிஞர் என்பதால் உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைத்தேன்! ஆலிஸ் தியோப் செனகலிலிருந்து பிரான்சுக்கு வந்த பெற்றோரின் மகள். அதுவரை ஆவணப்படங்கள் எடுத்தவர். 2016-இல் ஒரு கொலை வழக்கு விசாரணையை நேரில் போய் உட்கார்ந்து கேட்டார். தன் 15 மாதக் குழந்தையைக் கடற்கரையில் அலைக்கு விட்டுவிட்ட செனகல் பெண்ணின் வழக்கு. 2022-இல் வந்த படம் அந்த விசாரணையை அடிப்படையாகக் கொண்டது.

ஏன் செய்தாய் என்று நீதிபதி கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை, இந்த விசாரணை எனக்குச் சொல்லும் என்று நம்புகிறேன் என்கிறாள் லோரான்ஸ். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அழுகை இல்லை. நல்ல படிப்பாளியின் பிரெஞ்சு. கேமரா அசைந்திருந்தால், மற்றவர்கள் முகத்துக்கு வெட்டி வெட்டிப் போயிருந்தால், அவளைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்று அந்த முகங்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும். தியோப் அந்த உதவியைச் செய்ய மறுக்கிறார். நாமும் ஜூரியைப் போல முழுவதையும் கேட்டாக வேண்டும்.

சாட்சி சொல்ல வரும் அவளுடைய பேராசிரியை, ஓர் ஆப்பிரிக்கப் பெண் விட்கன்ஸ்டைன் என்ற ஐரோப்பியத் தத்துவவாதியைப் பற்றி ஆராய வந்தது விசித்திரம், தன் பண்பாட்டுக்கு நெருக்கமாக ஏதாவது எடுத்திருக்கலாமே என்கிற தொனியில் பேசுகிறார். மார்த்தினிக் பள்ளியில் ஹோசேயின் கட்டுரையைத் திருட்டு என்றாரே ஆசிரியர், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு கதைக்கும் நடுவே எண்பது வருடம். வாக்கியம் மட்டும் மாறியிருக்கிறது.

கேள்வி: என் தம்பி வெளிநாட்டில் வேலை செய்கிறான். இங்கே காத்திருக்கும் எங்களைப் போன்றவர்களைப் பற்றிய படம் இருக்கிறதா? (வாசகி ஒருவர்)

உங்களுக்காகவே இரண்டு. மாத்தி தியோப்பின் ‘அத்லாந்திக்’, 2019. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் இயக்குநர் இவர். கிராண்ட் பிரி பரிசும் வாங்கினார். செனகலின் டக்கார் நகரில் வானளாவிய கோபுரம் ஒன்றைக் கட்டும் இளைஞர்களுக்கு மாதக்கணக்கில் கூலி வரவில்லை. ஓர் இரவு படகேறி ஸ்பெயினை நோக்கிப் போய்விடுகிறார்கள். கடல் அவர்களைத் திருப்பித் தரவில்லை. ஆனால் கூலிப் பாக்கி அப்படியே இருக்கிறதே? இரவில் அவர்களுடைய பெண்கள் தூக்கத்திலிருந்து எழுகிறார்கள். கண் வெள்ளையாகிவிடுகிறது. நடந்து போய் முதலாளியின் வீட்டில் உட்கார்ந்து, எங்கள் சம்பளத்தைக் கொடு என்கிறார்கள். பேசுவது செத்துப்போன ஆண்கள், வாய் பெண்களுடையது. ‘இல்யூஷன்ஸ்’ படத்தில் பறிபோன குரல் இதில் வட்டியோடு திரும்பி வந்த மாதிரி எனக்கு இருந்தது.

இன்னொன்று எக்வா எம்சாங்கி 2020-இல் எடுத்த ‘ஃபேர்வெல் அமோர்’. போரால் பிரிந்த அங்கோலாக் குடும்பம். நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டும் அப்பாவிடம் மனைவியும் மகளும் 17 வருடம் கழித்து வந்து சேர்கிறார்கள். அதே நாட்களை மூன்று பேரின் பக்கத்திலிருந்தும் தனித்தனியே சொல்கிறார். மனைவியின் பகுதி வரும்போது, அதற்கு முன் பார்த்த ஒரு மௌனத்துக்கு அர்த்தமே மாறிவிடும். தம்பி வரும்போது அவரோடு சேர்ந்து பாருங்கள்.

கேள்வி: பாட்டியைப் பற்றி ஒரு படம் எடுக்க ஆசை. அவரைப் பற்றி எந்த ஆவணமும் இல்லை, ஒரே ஒரு புகைப்படம்தான். எனக்குப் படிப்பும் இல்லை, பணமும் இல்லை. யாரைப் பார்த்துத் தைரியம் கொள்வது? (இருபது வயது வாசகி)

ஷெரில் டூன்யேயைப் பாருங்கள். லைபீரியாவில் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்தவர். பழைய ஹாலிவுட் படங்களில் பணிப்பெண்ணாக வந்து, டைட்டிலில் பெயர்கூட இல்லாமல் போன கறுப்பின நடிகைகளைத் தேடினார். ஆவணம் போதவில்லை. அதனால் 1996-இல் ‘த வாட்டர்மெலன் வுமன்’ படத்துக்காக அப்படி ஒரு நடிகையைத் தானே உருவாக்கினார். அவளுக்குப் பழைய புகைப்படங்கள், பழைய படத்துண்டுகள் எல்லாவற்றையும் செய்தார். கடைசியில், இவள் கற்பனை என்று படத்திலேயே சொல்லியும் விடுகிறார். அந்த நேர்மையை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பலாம், நிரப்பினேன் என்று சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் சாஃபி ஃபாய். செனகல்காரர், பள்ளி ஆசிரியையாக இருந்தவர், பாரிஸுக்குப் போய் மானுடவியலும் சினிமாவும் படித்தார். 1975-இல் தன் குடும்பம் இருந்த கிராமத்துக்குத் திரும்பிப் போய்க் கறுப்பு வெள்ளையில் ‘கத்து பெய்கத்’ எடுத்தார். வோலோஃப் மொழியில் அதற்கு உழவரின் குரல் என்று பொருள். நிலக்கடலை மட்டுமே விதைக்க வேண்டிய நிலை, மழை இல்லாத வருடம், வரி, கல்யாணச் செலவுக்காக நகரத்துக்குப் போகும் ஓர் இளைஞன். அரசாங்கம் அதைத் தடை செய்தது. நடித்தவர்கள் கிராமத்து மக்களேதான். அவருடைய தாத்தாவும் அதில் இருக்கிறார்.

படம் முழுவதும் ஒரு கடிதம் போல நகர்கிறது. படிப்பது சாஃபி ஃபாயின் சொந்தக் குரல், அவசரமில்லாத குரல். உங்கள் பாட்டி இருக்கிறார் என்றால், கேமரா கிடைக்கும்வரை காத்திராமல் இன்றைக்கே போனில் அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள். இல்லை என்றால் அவரைத் தெரிந்த பெண்களிடம் போய் உட்காருங்கள். எது உங்கள் குரல், எது அவர்களுடையது என்ற குழப்பம் வரும்போது அந்தப் படத்தின் முடிவைப் போட்டுக் கேளுங்கள். கடிதம் மட்டும் என்னுடையது, மற்றதெல்லாம் உழவர்களான என் வீட்டாருடையது என்று சொல்லிவிட்டுச் சாஃபி ஃபாய் நிறுத்திக்கொள்கிறார்.